மரம் வெட்ட வந்தவர் கேட்ட கேள்வி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் முன்வாசலில் தென்னை நட்டவன் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அன்று நான் குடித்திருக்கவும் இல்லை.

மலேசியாவில் மலாக்கா பக்கம், டுரியான் துங்காலில் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்தத் தெரஸ் வீட்டை வாங்கிக் குடிபுகுந்தபோது பூசைக்குக் கும்பம் வைத்தோம். கும்பத்தின் மேலிருந்த தேங்காய் சில வாரங்களில் முளைவிட்டது. நல்ல சகுனம் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். முளைத்த கும்பத் தேங்காயைச் சமைக்கக் கூடாது, எறியவும் கூடாது, எங்காவது ஆற்றோரமாக நட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். நான்தான் "நம்ம வீட்டுத் தேங்காய் நம்ம வீட்டிலேயே வளரட்டும்" என்று வசனம் பேசினேன். கேட்டுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் நடுவிலிருந்த துண்டு மண்ணில் குழியும் தோண்டினேன்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். நான் பிறந்தது ரப்பர் தோட்டம். தென்னையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்தது. புத்தகங்களில் தென்னை எப்போதும் தூரத்தில்தான் நிற்கும். அதற்கு மேலே நிலா இருக்கும், கீழே யாருடைய காரும் இருக்காது.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது நட்ட மரம், அவன் கல்யாணம் செய்துகொண்டபோது வீட்டுக் கூரையைத் தாண்டி இன்னும் ஒரு வீட்டு உயரம் போயிருந்தது. அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்தும் விட்டது. வேர் என் வீட்டில், தலை அடுத்த வீட்டில். அந்த வீட்டில் இருப்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் பாக் சிக், அதாவது சித்தப்பா. அவர் மனைவி மாக் சிக், சித்தி. இத்தனை வருடங்களில் பாக் சிக் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காரை வாசலில் விடாமல் தெருமுனையில் நிறுத்தப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் ஒரு நாள் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பேன். மரியாதையான மனிதர்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் இப்படி ஒரு கஷ்டம் உண்டு.

போன வருடம் அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம் கூடியது. கெண்டூரி விருந்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வேலியோரம் வந்தார். எங்கள் பேச்சு எப்போதும் மலாயில்தான் நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

"அண்ணே, சனிக்கிழமை விருந்து. வெள்ளிக்கிழமை பந்தல் போட வர்றாங்க. என் கேட்டுல ஆரம்பிச்சு உங்க கேட்டு வரைக்கும் ரோட்டுல போட்டுக்கறேன். சமையல் எல்லாம் அந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டு மேசை இங்க வரும்."

'இங்க' என்று அவர் கை காட்டிய இடத்துக்கு நேர் மேலே பார்த்தேன். குலை குலையாக முற்றிய காய்கள். பந்தல் துணி எத்தனை காயைத் தாங்கும்? சரிகைச் சட்டையும் தொப்பியுமாக மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருப்பதும், அந்தத் தொப்பிக்கு நேர் மேலே ஒரு குலை தொங்குவதும் என் கண்ணுக்குத் தெரிந்தன. அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

"பாக் சிக், கவலையே படாதீங்க. விருந்துக்கு முன்னாடி இந்த மரம் இங்க இருக்காது" என்றேன்.

"ஐயோ, எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்."

வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாங்க."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவரு மக கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்லவா?"

கும்பத் தேங்காய் என்ற பாசம்தான் அவளைத் தடுக்கிறது என்று நானாக முடிவு செய்தேன். உடனே ஒரு சிறு சொற்பொழிவு. சகுனம் என்பது மனித மனம் தன் பயத்துக்குச் சூட்டும் பெயர் என்று தொடங்கி, எங்கெங்கோ படித்ததையெல்லாம் கோத்துப் பேசிக்கொண்டே போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "சரி, ஆளக் கூப்புடுங்க. அவுங்க வந்து கேக்க வேண்டியதக் கேக்கட்டும்" என்றாள்.

கூலியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெட்ட வருபவர் கேட்கும் கூலியில் நான் பயந்து பின்வாங்குவேன் என்பது அவள் கணக்கு போலும். பின்வாங்குவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

மரம் வெட்ட ஆள் பிடிப்பது இத்தனை பெரிய வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதலில் மலாக்கா டவுனில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். மரத்தின் சுற்றளவு, சாய்மானம், மின்கம்பி எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேட்டார். சிலவற்றுக்கு விடை தெரிந்தது, சிலவற்றை ஊகித்தேன். பார்வையிட ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். அடுத்து தங்கா பத்துவிலிருந்து ஒருவர், போட்டோ மட்டும் அனுப்பினால் போதும் என்றார். போட்டோ எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சாயங்கால வெயில் ஓலைகளுக்கு நடுவே வடிகிற மாதிரி, அண்ணாந்து, நேரம் பார்த்து எடுத்து அனுப்பினேன். 'சந்தேக்!' என்று பதில் வந்தது. அழகாக இருக்கிறதாம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவதாகக் கிடைத்தவர் நியாலாஸ் ஊர்க்காரர், நம்மவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முதல் அழைப்பிலேயே 'அங்கிள்' ஆனேன். வீடியோ அழைப்பில் மரத்தைக் காட்டச் சொன்னார்.

"போன மேல தூக்குங்க அங்கிள். இன்னும் மேல. அங்கிள், உங்க மூக்குதான் தெரியுது. திருப்பிப் புடிங்க லா. ஆங், இப்பத் தெரியுது. அடக் கடவுளே! யாரு அங்கிள் தெரஸ் வீட்டுல தென்ன வச்சது?"

"முன்னாடி இருந்தவங்க போலருக்கு" என்றேன்.

"இவருதான் வச்சாரு!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

மறுமுனையில் அவர் மரியாதையாகப் பேச்சை மாற்றினார். "செவ்வா, வெள்ளி நான் மரத்துல கை வைக்கமாட்டேன். வியாழக்கெழம காலையில வந்து முடிச்சிக் குடுத்துர்றேன். கூண்டு லோரி கொண்டு வந்தா ரெண்டு மணி நேர வேல" என்றார்.

வெள்ளிக்கிழமை பந்தல், வியாழக்கிழமை வெட்டு. கணக்குச் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை தெருவே திரண்டுவிட்டது. முன்னால் ஆளைத் தூக்கும் கூண்டு வைத்த லோரி, பின்னால் கட்டைகளை ஏற்றிப் போக இன்னொரு லோரி. இறங்கிய இரண்டு வேலையாட்கள் ஆரஞ்சு நிறக் கூம்புகளைச் சாலையில் வரிசையாக வைத்தார்கள். போனில் பேசிய நியாலாஸ்காரர்தான் முதலாளி. அவர் சட்டை முதுகில் 'மரம் அகற்றும் நிபுணர்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தலைக்கவசத்தில் வீடியோ எடுக்கச் சின்னக் கேமராவும் இருந்தது. பாக் சிக் கைலியோடு வந்து தன் கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். ரப்பர் தோட்டத்தில் பெரிய துரை அப்படி நடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து என் முறை வந்தது.

முதலாளி ஒரு தட்டில் வெற்றிலை, எலுமிச்சை, கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்தார். மரத்தைச் சுற்றி வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். தீப்பெட்டியை எடுத்தவர், பற்ற வைக்கும் முன் என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், ஒன்னே ஒன்னு கேக்கணும். காய்க்கிற மரம் பாருங்க. வீட்டுல யாரும் முழுகாம இல்லயே?"

நான் சிரித்தேன். "யாருப்பா இருக்கா? உங்க ஆன்ட்டிக்கு அம்பத்தி மூணு வயசு."

"என் வயச ஏன் ரோட்டுல சொல்றீங்க?" என்றாள் மனைவி. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைத்தான் பார்த்தாள், பரீட்சை முடிவு வாசிப்பவரைப் பார்ப்பதுபோல.

"வேற யாரும்? மக, மருமக?"

மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான், வார இறுதியில்தான் வருவான். மருமகளுக்கு இங்கே மலாக்காவில் வேலை என்பதால் எங்களோடு இருக்கிறாள். அன்று டாக்டரிடம் எம்.சி. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். வயிற்றுக் கோளாறு என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. வயிற்றுக் கோளாறுக்காரி கிரில் கதவோரம் நின்று, ஒரு கிண்ணத்தை ஏந்தி, உப்பும் மிளகாயும் தொட்டுப் புளிச்சக் காய்களாகத் தின்றுகொண்டிருந்தாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி அண்ணாந்து தேங்காயைப் பார்த்தாள். ஆயிரம் பக்க நாவலில் எழுதாமல் விட்டதையும் கண்டுபிடிப்பேன் என்று நண்பர்களிடம் அளப்பவன் நான். ஆனாலும் அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்ன காய் என்பதுதான் அப்போது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டார். "வாழ்த்துகள் அங்கிள்" என்றார். பிறகு வேலையாட்கள் பக்கம் திரும்பி, "டேய், கயித்தச் சுத்துங்கடா" என்றார்.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அப்படிப்பட்ட வீட்டில் காய்க்கிற மரத்தை வெட்டமாட்டார்கள் என்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. கூடவே இன்னொன்றும். மகன் ஒரு மாதமாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தான். ஆபீசில் எப்படி விடுகிறார்கள் என்று கேட்டதற்கு, "இப்ப இதான்பா ஃபேஷன்" என்றான். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நானே என் காலத்தில் சாமியாரைப்போல் தாடியோடு திரிந்தவன்தான். அப்படியிருந்தும் அந்தத் தாடியைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சந்தோஷத்தில் மருமகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். அந்தக் கையை எடுப்பதற்குள் சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

"சரிப்பா, ரொம்ப சந்தோஷம். ஆனா மரத்துக்கும் வயித்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றேன் முதலாளியிடம். குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

"சம்பந்தம் இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியாது அங்கிள். ஆனா நாளைக்கி ஒன்னுனா நீங்க என் மூஞ்சியப் பாப்பீங்க, நான் உங்க மூஞ்சியப் பாக்கணும். எங்கிட்ட இதுக்கு மிஷின் இல்ல."

"சீனன் கம்பெனி ஒன்னு இருக்கு. அவுங்க இதெல்லாம் கேக்கமாட்டாங்க."

"கூப்புடுங்க" என்றாள் மனைவி, மிகவும் சாந்தமாக. "கூப்புட்டு வெட்டுங்க. வெட்டிட்டு அப்புறம் சாப்பாட்டுக்கும் அவுங்க வீட்டுக்கே போயிருங்க."

என் பகுத்தறிவு எவ்வளவு தூரம் போகும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே அது ரொம்ப தூரம் போகும். கேட்டுக்கு உள்ளே, அதுவும் பேரப்பிள்ளை விஷயம் என்று வந்துவிட்டால், அதற்குக் கால் கிடையாது. சீனன் கம்பெனியைக் கூப்பிட எனக்கே கை வரவில்லை என்பதுதான் உண்மை. பழியை மனைவிமேல் போட முடிந்தது ஒரு வசதி.

பாக் சிக்கிடம் போனேன். "மன்னிக்கணும். வாக்குக் கொடுத்தேன்" என்று இழுத்தேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பக்கமும் வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுல இது கூடாது அது கூடாதுன்னு இருக்கு அண்ணே. குழந்தைதான் முக்கியம். மேசைய வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

வேறு எங்கே போடுவது? அந்தப் பக்கம் சமையல் அடுப்பு, இந்தப் பக்கம் பெரிய சாக்கடை. இரண்டு பேரும் சாலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிறகு மேலே பார்த்தோம். காற்று கொஞ்சம் வீசியது. குலைகள் லேசாக அசைந்தன. சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் தலை குனிய நேர்ந்தால், அல்லது சம்பந்தி தலையிலேயே ஏதாவது விழுந்தால், அதற்குக் காரணம் நான் தோண்டிய குழி.

மனைவிதான் வழி சொன்னாள். "வெட்டத்தான கூடாது? பறிக்கலாமே. ஒரு காயி விடாம பறிச்சிட்டா அப்புறம் தலையில விழ என்னா இருக்கு?"

முதலாளி யோசித்தார். "பறிக்கறது வேற, வெட்டறது வேற. அது சரிதான் ஆன்ட்டி. காஞ்ச ஓல கையால இழுத்தா தானா கழண்டு வரும், அதுவும் வெட்டுக் கணக்குல வராது. ஆனா ஆன்ட்டி, என் சட்டையப் பாருங்க. ப்ரொஃபெஷனல் லா நான். இவ்ளோ பெரிய லோரி கொண்டாந்து தேங்கா பறிச்சிட்டுப் போனேன்னு தெரிஞ்சா நியாலாஸ்ல என் மானம் போயிரும்."

"கேமராவ ஆஃப் பண்ணிருப்பா" என்றாள் மனைவி.

அப்படியே செய்தார். தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, இடுப்பு வார், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். எஞ்சின் உறும, இரும்புக் கை மெல்ல நிமிர்ந்து அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. விமானம் பழுது பார்ப்பவரைப் போன்ற அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு அவர் தேங்காய் பறித்தார். ஒவ்வொரு குலையாகக் கயிற்றில் கட்டி இறக்கினார். தெருவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்போது மட்டும் அவர் மேலிருந்து, "யாரும் வீடியோ எடுக்காதீங்க லா!" என்று கத்தினார். அதற்குள் தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் அது போய்விட்டது. போட்டது நான்தான். ஒரு வேகத்தில் போட்டுவிட்டேன்.

முதல் இளநீரை வெட்டி மருமகளுக்குக் கொடுத்தார்கள். மற்ற இளநீர் வேலையாட்களுக்கும் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் போயிற்று. முற்றிய காய்கள் அத்தனையும் வேலிக்கு அந்தப் பக்கம் மாக் சிக்கின் சமையலுக்குப் போயின. மதியத்துக்குள் மரம், கோயிலில் மொட்டை போட்ட பிள்ளையைப் போல் வெட்கத்தோடு நின்றது.

கிளம்பும்போது முதலாளி போனை எடுத்து நாள்காட்டியைத் திறந்தார். "புள்ள பொறந்து முப்பது நாள் கழியட்டும். அப்புறம் நானே வந்து மரத்த எடுத்துர்றேன். எந்த மாசம்மா?" என்று மருமகளைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். என் பேரப்பிள்ளை எந்த மாதம் பிறக்கும் என்ற தகவல் நியாலாஸுக்கு முதலில் போய், பிறகுதான் எனக்கு வந்தது.

சனிக்கிழமை விருந்து ஜோராக நடந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கென்று கோழியும் காய்கறியும் தனியாக ஆக்கி வைத்திருந்தார்கள். என் மரத்துத் தேங்காய்ப்பாலில் வெந்த கோழியை மாப்பிள்ளையின் அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் தொப்பி கடைசி வரை தலையில் நேராக இருந்தது. நான்தான் காற்று வீசும்போதெல்லாம் பந்தலுக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை ரொம்ப பக்தியான மனிதர் என்று மாப்பிள்ளையின் அப்பா பாக் சிக்கிடம் சொன்னாராம்.

பயம் தெளிந்ததும் நாக்கு அவிழ்ந்தது. மேசை மேசையாகப் போய்த் தாத்தா ஆகப்போகும் செய்தியைச் சொன்னேன். சிலர் கை குலுக்கினார்கள். ஆனால் யாருக்கும் எதிர்பார்த்த அளவு ஆச்சரியமில்லை. கடைசியாக மாக் சிக்கிடம் சொன்னேன். அவர் ஒரு தட்டில் பலகாரம் அடுக்கிக்கொண்டே, "தெரியுமே அண்ணே. எங்க பிளிம்பிங் மரத்துல புளிச்சக் காய் யார் பறிச்சுக் கொடுத்தான்னு நினைச்சீங்க?" என்றார். பாக் சிக்குக்கும் தெரியுமாம். தெருமுனை மளிகைக்கடை அக்காவுக்கும், பால் கொண்டுவருபவருக்கும்கூடத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மருமகளை மெல்லக் கேட்டேன். கோபமில்லை, கொஞ்சம் மனக்குறைதான். "ஏம்மா, மாக் சிக்குக்குத் தெரியும், மளிகைக்கடையில தெரியும். எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

அவள் நல்ல பிள்ளை. மரியாதை தெரிந்தவள். சோபாவில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"இல்லங்க மாமா, மத்தவங்களுக்கெல்லாம் நாங்களே சொல்லி முடிச்சிட்டு, கடைசியா உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம். உங்ககிட்ட சொன்னதுக்கப்பறம் நாங்க சொல்றதுக்கு யாரும் மிச்சம் இருக்கமாட்டாங்கல்ல?"